முத்திரை வீட்டு டிஸ்க் நிறைந்த கதை

சந்தேகப்படுவதையே வேலையாகக் கொண்ட ஒருவர், மாலையில் வீடு திரும்பும்போது அந்தச் சந்தேகத்தை எங்கே இறக்கி வைப்பார்? சட்டையைப் போலக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா? இந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அலுவலகத்தில் என் மேசைக்கு எதிர் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தே எனக்கு இது தோன்றியது.

அவர் எடையளவு ஆய்வாளர். கடைகளுக்குப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் ஈய முத்திரை வைத்துவிட்டு வருவது வேலை. அதனால் சந்தையில் அவருக்கு முத்திரை என்றே பெயர். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் "முத்திரை வருது" என்று கடைக்குக் கடை செய்தி ஓடும். அவருக்கு அது தெரியும். அதனால் ஒரு முனையில் தலையைக் காட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு மறுமுனை வழியாக நுழைவார்.

ஒரு தராசு சரியாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதிகபட்சமாக, "தப்பு இன்னும் அகப்படலை" என்பார். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுகிறவர்கள், எடைக்கல்லின் வயிற்றைக் குடைந்து மெழுகு அடைக்கிறவர்கள், கடைக்காரர் கால் அழுத்தினால் முள் நகருகிற மாதிரி கம்பி இழுத்தவர்கள் என்று எல்லோரையும் அவர் பார்த்திருந்தார். காய்கறி வாங்கப் போகும்போது மனைவியோடு சேர்ந்து போக மாட்டார். இவர் மனைவி என்று தெரிந்தால் கடைக்காரர்கள் ஒரு கை கூடுதலாகப் போடுவார்கள். கூடுதல் எடையும் தப்பான எடைதான் என்பது அவர் கட்சி. ஒருமுறை அப்படி வந்த கத்திரிக்காய்களைத் திருப்பிக் கொடுக்க வெயிலில் நடந்து போனார். அதை நேர்மை என்று பாராட்டியவர்கள் உண்டு. எனக்கு அப்போதே ஒரு தயக்கம் இருந்தது. அந்தக் கடைக்காரர் அவருக்குப் பயந்து கொடுத்தாரா, அல்லது அந்த அம்மாளுக்குப் பிரியமாகக் கொடுத்தாரா என்று இவர் ஒரு கணமும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் கணினி வாங்கியபோது அதில் லினக்ஸ் இயங்குதளம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாத இயந்திரத்தை வீட்டுக்குள் விட அவருக்கு மனம் வரவில்லை. லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருள் பேக்கேஜும் எங்கிருந்து வருகிறது, எந்தக் கையொப்பத்தோடு வருகிறது, துணைக்கு வேறு எதை அழைத்து வருகிறது என்று கேட்டால் பதில் வரும். கையொப்பம் சரியில்லாத பேக்கேஜை அது வாசலிலேயே நிறுத்திவிடும். இதைத் தெரிந்துகொண்ட அன்று அலுவலகத்துக்கு வந்து, "நம்ம ஆளுங்க யாரோதான் இதைச் செஞ்சிருக்கணும்" என்று சொன்னார். அவர் எதையும் அந்த அளவுக்குப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வேண்டும் என்று வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கினார். பிற்பகலில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குக் கணினி தானாகவே வீட்டுக் கோப்புகளை எல்லாம் அதில் நகலெடுக்கும்படி ஏற்பாடு செய்தார். மாறிய கோப்புகளை மட்டும் எடுத்தால் போதும் என்று கையேடு சொன்னது. அவர் கேட்கவில்லை. நேற்றைய நகலை நம்பி இன்றைய நகலை எடுக்கக் கூடாதாம். அதனால் ஒவ்வொரு முறையும் முழு நகல், தனி ஃபோல்டர், அதன் தலையில் தேதி. பழையவற்றை அவ்வப்போது அவரே கையால் அழிப்பார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு அவருடைய மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்து வெட்டி ஒட்டுகிற வேலை. அவன் இருந்த ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. கூடத்தில் ஒரு கட்டில், மூலையில் அவனுடைய விளக்குகளும் முக்காலியும். வேலை கேட்டுப் போகிற இடங்களில் காட்ட ஒரு மாதிரிப் படம் முடிக்க வேண்டும் என்று கணினியைக் கேட்டான். முத்திரை அவனுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தார். மென்பொருள் போடவும் எடுக்கவும் வேண்டிய நிர்வாக உரிமையைத் தரவில்லை. அது அவரிடம் மட்டும்தான்.

"பகல் முழுக்க வீட்டுல அவன் தனியா இருக்கான்," என்றார் என்னிடம்.

"அவனும் வீட்டு ஆள்தானே?"

"தட்டுக்கு அடியில காந்தம் வைக்கிறவனும் கடை ஆள்தான்."

அதிலிருந்து, வெளியூர் ஆய்வுக்குக் கிளம்புகிற நாள்களில் அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் மறுபடி மாட்டுவார். நகல் கெட்டுப்போனால் பிறகு நம்புவதற்கு என்ன இருக்கிறது என்பது அவர் நியாயம். அப்போது எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

மச்சினன் வந்த சில வாரங்களில் தொல்லை தொடங்கியது. ஒரு நாள் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றது. டிஸ்க்கில் இடம் இல்லை என்று செய்தி. சில பேக்கேஜ்கள் பிரிக்கப்பட்டு நிறுவப்படாமல் கிடந்தன. சில பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் நடுவில் நின்றன. ஸ்கேனர் எழுந்திருக்கவில்லை. புதிதாக எதையாவது போடப் போனால், முதலில் இதை முடி என்று கணினி முறைத்தது. முடிக்கப் போனால் இடமில்லை என்றது.

அவர் பதறவில்லை. தராசைப் பிரிப்பது போல ஒவ்வொன்றாகப் பிரித்தார். இறக்கி வைத்திருந்த பழைய பேக்கேஜ் கோப்புகளைத் துடைத்தார். பயன்படாத பழைய கெர்னல்களை, அதாவது கணினியின் அடிநிரலின் பழைய பதிப்புகளை, எடுத்தார். வீங்கிக் கிடந்த பதிவுக் கோப்புகளைச் சுருக்கினார். கொஞ்சம் இடம் கிடைத்தது. அடுத்த வெளியூர்ப் பயணம் முடிந்து வந்து பார்த்தால் அதுவும் போயிருந்தது.

பிறகுதான் அவர் இரண்டு கணக்குகளை ஒப்பிட்டார். எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று டிஸ்க்கையே கேட்க ஒரு கட்டளை உண்டு. ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே போய்க் கோப்புகளை எண்ணிக் கூட்டிச் சொல்ல இன்னொரு கட்டளை உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே விடையைத் தர வேண்டும். தரவில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டேன் என்றது. எண்ணிப் பார்த்தால் பாதிகூட இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் என் மேசைக்கு வந்து குனிந்து, தாழ்ந்த குரலில், "ரெண்டு தராசு, ரெண்டு எடை" என்றார். அவர் தொழிலில் இதற்கு ஒரே ஒரு பொருள்தான். எங்கேயோ ஏதோ ஒளிந்திருக்கிறது. அதை ஒருவன் ஒளித்திருக்கிறான்.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க" என்றார். எங்கள் துறையில் தராசைப் பறிமுதல் செய்யும்போது சாட்சிக்கு இரண்டாவது ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மச்சினனை விசாரிக்கவும் அவருக்கு அந்த வழக்கம்தான் தோன்றியிருக்கிறது. நான் போயிருக்கக் கூடாது. போனேன்.

அவர் மனைவி பல் மருத்துவமனையில் முன்பதிவு பார்க்கிறவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சாட்சியும் வந்தாச்சா? அப்ப தீர்ப்பு எழுதியாச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முத்திரை மச்சினனைக் கணினி முன் உட்கார வைத்தார்.

"உன் வீடியோவெல்லாம் எங்க வச்சிருக்க?"

"என் ஃபோல்டர்லதான் மாமா. பாருங்களேன்." திறந்து காட்டினான். ஒரே ஒரு கல்யாணம். அதுவும் வெட்டிச் சுருக்கியது.

"இது சின்னது. பெருசு எங்க?"

"பெருசு எல்லாம் ஸ்டூடியோவோட போச்சு."

"ஒளிச்சு வச்சவன் இங்க இருக்குன்னா சொல்லுவான்?"

"இல்லைன்னு சொன்னா ஒளிச்சிருக்கேன்றீங்க. இருக்குன்னு சொன்னா மாட்டிக்கிட்டேன்பீங்க. நான் என்னதான் சொல்லட்டும்? நீங்களே எழுதிக் குடுங்க, படிக்கிறேன்."

"நீ வர்றதுக்கு முன்னாடி இது நிறையலை. நீ வந்தப்புறம் நிறையுது. நான் ஊர்ல இருந்தா நிக்குது. ஊருக்குப் போனா ஏறுது. இதுக்கு நீ ஒரு காரணம் சொல்லு, கேக்குறேன்."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. உண்மைகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்கிவிடலாம் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது இத்தனை சுலபமாக, இத்தனை சுத்தமாக நடப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

அக்காதான் குறுக்கே வந்தார். "அவனை விட்டுட்டு அந்தப் பெட்டியைக் கேளுங்க. அதுதான் எதையும் மறைக்காதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே."

"பெட்டி மறைக்கலை. மனுஷன் மறைச்சிருக்கான்."

"மனுஷன்னா என் தம்பி. பேரைச் சொல்ல வாய் வரலையாக்கும்."

மச்சினன் அந்த வாரமே கிளம்பிவிட்டான். பழைய ஸ்டூடியோவில் கூட இருந்த ஒருவனுடைய அறையில் இடம் கிடைத்ததாம். அங்கே கணினி கிடையாது. மாதிரிப் படம் அரைகுறையாக நின்றது. அதைக் கேட்டிருந்த ஒரு இடமும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. விளக்குகளையும் முக்காலியையும் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று மூலையிலேயே விட்டுப் போனான். அக்கா கணவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பாடு மேசைக்கு வந்தது, வேறெதுவும் வரவில்லை.

அவன் போன பிறகு டிஸ்க் நிறைவது நின்றது.

முத்திரை இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் வெற்றி இல்லை. ஒரு களைப்புத்தான் இருந்தது. "இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்றார். நடுவில் இரண்டு முறை வெளியூர் போய் வந்திருந்தார். ஏறவில்லை. பகலில் வீட்டில் யாரும் இல்லை என்பதால் வெளி டிஸ்க்கைக் கழற்றுவதை விட்டுவிட்டதாகவும், அது பாட்டுக்கு மாட்டியபடியே இருப்பதாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். நாங்கள் இரண்டு பேருமே அதைக் காதில் வாங்கவில்லை. அவர் சொன்னார், நான் கேட்டேன், அவ்வளவுதான்.

அவரை நிம்மதியாக விடாதது மனைவியின் ஒரே ஒரு கேள்வி. "திருடனைத் துரத்திட்டீங்க. திருட்டுப் பொருள் எங்க?"

கேள்வி நியாயமானது. அவன் போய்விட்டான், அவன் கணக்கும் காலி. ஆனால் அந்த இரண்டு எடைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி அப்படியே இருந்தது. அழித்த கோப்பை ஏதாவது ஒரு நிரல் இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தால், பெயர் போன பிறகும் அது அடைத்த இடம் போகாது என்று எங்கோ படித்தார். இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைப் பற்றி நெடுநேரம் பேசலாம் என்று நினைத்தேன். அவர் பேசவில்லை. கணினியை நிறுத்தி மறுபடி தொடங்கினார். இடைவெளி அசையவில்லை. டிஸ்க்கில் பழுதா என்று சோதித்தார். பழுது இல்லை. மனைவியின் தொலைபேசியைக்கூட ஒரு நாள் ஓரக்கண்ணால் பார்த்தார் என்று நினைக்கிறேன். மனைவி தம்பிக்குப் பாஸ்வேர்டு ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பாரோ என்று. அந்த அம்மாள் தொலைபேசியை அவர் மடியிலேயே வைத்துவிட்டு, "நிதானமாப் பாருங்க, கண்ணு வலிக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாராம்.

ஒரு விடுமுறை நாள் காலையில் என்னை மறுபடி அழைத்தார். மிச்சமிருக்கிற ஒரே சந்தேகம் அந்த வெளி டிஸ்க்தான் என்றார். வாங்கிய கடைக்காரன் அதில் ஏதாவது வைத்திருக்கலாம்; அது உள்ளே புகுந்து இடத்தைத் தின்னலாம். அதைக் கழற்றிவிட்டு எண்ணிப் பார்க்க வேண்டும், சாட்சி வேண்டும்.

முறைப்படி அதை விடுவித்து, கம்பியை உருவி மேசையில் வைத்தார். பிறகு ஃபோல்டர் ஃபோல்டராக எண்ணுகிற கட்டளையைக் கொடுத்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. விடை வந்ததும் இரண்டு முறை படித்தார். இரண்டு தராசும் ஒரே எடையைக் காட்டின.

"கழட்டினா குறையணும், இல்ல?" என்றேன். "ஏன் ஏறுது?"

அவர் வெளி டிஸ்க் வழக்கமாகத் தெரிகிற 'நகல்' என்ற ஃபோல்டருக்குள் போனார். டிஸ்க் மேசையில் கிடக்கிறது. அந்த ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். காலியாக இல்லை. வரிசையாக, தேதி போட்ட ஃபோல்டர்கள். உள்ளே அவருடைய வீட்டுப் பத்திரங்கள், ஓய்வூதியத் தாள்கள், கல்யாணப் படங்கள், ஒவ்வொன்றிலும் முழுதாக ஒரு தரம்.

லினக்ஸில் வெளியே மாட்டுகிற டிஸ்க் ஏதாவது ஒரு ஃபோல்டரின் வழியாகத்தான் தெரியும். டிஸ்க்கை மாட்டினால் அது அந்த ஃபோல்டர்மேல் மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். கழற்றினால் வெறும் ஃபோல்டர் மட்டும், வீட்டு டிஸ்க்கின் ஒரு பகுதியாக, அங்கேயே இருக்கும். பிற்பகலில் நகலெடுக்கிற நிரலுக்கு மூடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. யாரும் அதைப் பார்க்கச் சொல்லவில்லை. ஃபோல்டர் இருந்தது, அதில் கொட்டியது. திரும்பி வந்தவர் டிஸ்க்கை மாட்டினார்; கொட்டியதெல்லாம் மூடிக்கு அடியில் போனது. எண்ணுகிற கட்டளை வீட்டு டிஸ்க்கை மட்டும் எண்ணியது, மூடி வந்ததும் நின்றுகொண்டது. அடியில் இருப்பதை அதனால் பார்க்க முடியவில்லை.

தேதிகளை நானும் படித்தேன். எல்லாமே அவர் வெளியூரில் இருந்த நாள்கள். டிஸ்க் துண்டில் சுற்றி பீரோவுக்குள் இருந்த நாள்கள்.

"தட்டுக்கு அடியில" என்று மட்டும் சொன்னார்.

பிறகு வேலையைப் பார்த்தார். ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து, வேறு யாருடைய கோப்பாவது இருக்கிறதா என்று தேடினார். அந்த நேரத்திலும் தேடினார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் அவரை அழகுபடுத்தியவன் ஆவேன். மச்சினனுடைய சின்னப் படத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அழித்தார். இடம் திறந்தது. பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன. கடைசியில் டிஸ்க் மாட்டியிருந்தால் மட்டுமே நகலெடு என்று நிரலுக்கு ஒரு வரி சேர்த்தார். ஸ்கேனர் கூடச் சத்தம் போட்டது.

மனைவி துவைத்த துணிகளோடு உள்ளே வந்தார். முத்திரை திரும்பாமலே, "நான்தான்" என்றார்.

"எது?"

"எல்லாம். அவன் இல்லை. நான் டிஸ்க்கைக் கழட்டிக் கழட்டி வச்சேன் பாரு, அதனால."

அந்த அம்மாள் துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன்; திட்டுவார் என்றும் நினைத்தேன். "எதுக்குக் கழட்டினீங்கன்னு அவன் கேப்பான்ல. அதுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார்.

மச்சினன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"இப்ப என்ன மாமா காணோம்?"

"ஒண்ணும் காணோம்னு இல்லை. கிடைச்சிருச்சு. வச்சது நான்தான்." நடந்ததை ஒரு பழுதடைந்த தராசை விவரிப்பது போல முதலிலிருந்து சொன்னார். பீரோவையும் பூட்டையும்கூட விடவில்லை. மன்னிப்பு என்ற சொல் அதில் வரவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் முகத்தில் நிம்மதி தெரியவில்லை. புதிதாக ஒரு கூர்மைதான் தெரிந்தது.

"அக்கா சொல்லச் சொன்னாளா?"

"உங்க அக்கா சொல்லி நான் எதைச் செஞ்சிருக்கேன்?"

"அது உண்மை," என்றது சமையலறை. கூடவே, "வந்துருடா. கட்டில் அப்படியே கிடக்கு."

"வேணாம்க்கா. அங்க கொசு ஜாஸ்திதான். ஆனா யாரும் என்னைக் கூட்டிக் கழிச்சுப் பாக்குறதில்லை."

அவன் மூலைக்குப் போய் முக்காலியை மடக்க ஆரம்பித்தான்.

"அதை வை. இங்க வந்து உக்காரு," என்றார் முத்திரை. தன் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். அவனுடைய கணக்குக்கு நிர்வாக உரிமை கொடுத்துவிட்டதாகச் சொன்னார். புதிதாக ஒரு பாஸ்வேர்டு போடச் சொல்லிவிட்டு, சுவரில் எதுவுமே இல்லாத பக்கமாகத் திரும்பி நின்றார். அவன் தட்டி முடித்தான்.

"போட்டாச்சு. எதுக்கு மாமா இது?"

"இப்ப நிர்வாக உரிமையில ரெண்டு பேர் இருக்கோம். என் பேரை எடுத்துடு."

"எடுத்தா ஒரு சின்னப் பேக்கேஜ் போடணும்னாலும் என்னைத்தான் கேக்கணும். நான் ஊரோட அந்தக் கோடியில இருக்கேன்."

"தெரியும்."

"நாளைக்கு மறுபடி நிறைஞ்சா? அப்பவும் நான்தான்னு சொல்லுவீங்க. இதுவரைக்குமாவது சாவி என்கிட்ட இல்லை."

முத்திரை "எடு" என்றார். அவன் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு எடுத்தான்.

அது வாரா வாரம் தன் தம்பியை வரவழைப்பதற்கான வழி என்று அந்த அம்மாள் நினைக்கிறார். தன் தலையில் பழியை ஏற்றுவதற்கு முன்கூட்டியே செய்த ஏற்பாடு என்று மச்சினன் இன்றும் பாதி நம்புகிறான். நான் ஒரே ஒரு முறை அவரிடமே கேட்டேன். கேள்வி காதில் விழுந்தது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த வாரம் மீன் கடையில் பிடித்த ஒரு தராசைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.